நுரையீரலை முழுதாக அகற்றிய டாக்டருக்கு நுரையீரலிலேயே புற்றுநோய்: யார் இந்த எவார்ட்ஸ் கிரஹாம்?

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பார்ன்ஸ் மருத்துவமனை. ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தவரும் ஒரு டாக்டர்தான். பெயர் ஜேம்ஸ் கில்மோர், வயது 48. இடது நுரையீரலில் புற்றுநோய். ஒரு மடலை மட்டும் எடுப்பதுதான் திட்டம். திறந்து பார்த்தால், கட்டி அதையும் தாண்டிப் பரவியிருந்தது.

மொத்த நுரையீரலையும் எடுக்க முடிவு செய்தார் எவார்ட்ஸ் கிரஹாம். புற்றுநோய்க்காக ஒரே கட்டத்தில் அப்படிச் செய்து நோயாளி பிழைத்தது அதுவே முதல்முறை.

யார் இவர்?

1883-இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பாவும் அறுவை சிகிச்சை நிபுணர். முதல் உலகப் போரின்போது, நெஞ்சில் சீழ் கட்டிய வீரர்களுக்கு அவசரப்பட்டு நெஞ்சைத் திறப்பதே உயிரைப் பறிக்கிறது என்று கண்டறிந்த குழுவில் இருந்தார். 1924-இல் பித்தப்பையை எக்ஸ்ரேயில் பார்க்கும் முறையை வாரன் கோலுடன் சேர்ந்து உருவாக்கினார்.

ரத்தக்குழாயில் என்ன சிக்கல்?

இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனி பெரியது, ஆனால் சுவர் மெல்லியது. கிழிந்தால் நிமிடங்களில் உயிர் போகும். கிரஹாம் முதலில் அந்தத் தமனியைத் தற்காலிகமாக அடைத்து, உடல் தாங்குகிறதா என்று பார்த்தார். தாங்கியது. பிறகு தமனி, சிரைகள், மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டி வெட்டினார். இதில் கட்டு நழுவும் ஆபத்து உண்டு. அதே ஆண்டில் வில்லியம் ரைன்ஹாஃப் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டிக் காட்டினார். பின்னர் அதுவே வழக்கமானது. இப்போது பெரும்பாலும் ஸ்டேப்ளர் கருவிதான்.

1940-களின் இறுதியில் இந்த வகை சிகிச்சை வேலூர் சிஎம்சி-க்கும் வந்தது. அங்கே நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ்.

சரி, சிகரெட்?

கிரஹாம் கடுமையாகப் புகைப்பவர். சிகரெட்தான் காரணம் என்பதை முதலில் அவர் நம்பவில்லை. எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளம் மாணவருடன் சேர்ந்து 684 நோயாளிகளின் தரவைத் திரட்டியதும் மனம் மாறினார். 1950-இல் ஆய்வு வெளியானது. அவரும் புகைப்பதை விட்டார். ஆனால் காலம் கடந்திருந்தது. 1957 மார்ச் 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் காப்பாற்றிய கில்மோர், அதன் பிறகும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

நமக்கு என்ன?

சௌல்தாரி கிராமம் இருக்கும் அந்தமான் நிக்கோபாரில், 15 வயதைக் கடந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. தரவு கிரஹாமின் மனதை மாற்றியது, உயிரைக் காக்கவில்லை. டீக்கடை வாசலில் பற்றவைக்கும் நமக்கு அந்தத் தரவு முன்கூட்டியே கிடைத்திருக்கிறது.