ஏடு தேடிய தேனீ

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், தாவரவியல்)

ஒரு துளித் தேனுக்காகத் தேனீ எத்தனையோ மலர்களை நாடிச் செல்கிறது. ஒரு மலரில் தேன் இல்லை என்பதற்காக அது கூட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை; அடுத்த மலரைத் தேடிப் பறக்கிறது. வகுப்பில் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெரியவரின் நினைவு வரும். அவர் ஊர்தோறும், வீடுதோறும் சென்றவர். தேடியது தேனை அன்று, பழந்தமிழ் ஏடுகளை. அவர்தாம் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அவரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. எழுதாத மலர் இல்லை. மீண்டும் நான் எழுதுவானேன்? காரணம் உண்டு. அந்தத் தேனீ முதன்முதலில் தேன் சுவைத்தது நம் மண்ணிலேதான். நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்துவரும் ஊர்களிலேதான். நம் நண்பர்களிற் பலர் இதனை அறியார். சென்ற ஆண்டுவரை நானும் அறியேன்.

ஊர் ஊராய்க் கற்ற இளமை

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழோடு விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினர், இசையில் ஆசிரியருமாவார். இசையும் இராமாயணக் கதையுமே குடும்பத்தின் சோற்றுக்கு வழி. எந்த ஊரில் கதை கேட்க ஆளும், நெல் அளக்க மனமும் உண்டோ, அந்த ஊரில் சில மாதங்கள் தங்குவார்கள். பிறகு மூட்டை கட்டுவார்கள். நிலையான வீடும் இல்லை. தொடர்ந்த பள்ளிப் படிப்பும் இல்லை.

அப்படி அவர்கள் தங்கிய ஊர்களில் ஒன்று நம் அரியலூர். ஐயர் அதனை அரியிலூர் என்றே எழுதுவார். அங்கே சடகோபையங்கார் என்னும் ஆசிரியரிடம் சிறுவர் சாமிநாதன் தமிழ் பயின்றார். பின்னர்க் குன்னம், அங்கே சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம். அடுத்துக் கார்குடி, அங்கே கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில், அவர் செங்கணம் என்று குறிக்கும் ஊரில், விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. ஓர் ஊரில் புராணம், ஓர் ஊரில் இலக்கணம் என்று, மலருக்கு மலர் தாவும் வண்டைப்போல அந்தப் பிள்ளை கற்றது!

இங்கே நாம் ஒன்றைக் கருதவேண்டும். அந்த ஆசிரியர்கள் யாரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தம் வாழ்க்கைத் தொழிலுக்கிடையே தமிழையும் விடாமல் காத்த கிராமத்துப் பெரியவர்கள். பிள்ளையின் ஆர்வம் ஒன்றையே கண்டு கற்பித்தார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றால்தான் இந்தப் பிள்ளையின் பசி தீரும் என்று வழிகாட்டியவர் செங்குணத்து ரெட்டியார். நம் குன்னமும் செங்குணமும் இல்லையென்றால் அந்த வழி திறந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவானிடம் மாணவராய்ச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற இயற்பெயர் மறைந்து சாமிநாதன் என்ற பெயர் நிலைபெற்றதும் அந்த ஆசிரியராலேயே. 1876இல் அவர் மறையும்வரை உடனிருந்து கற்றார். பின்னர்த் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் படிப்புத் தொடர்ந்தது. 1880இல், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய முயற்சியால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். ஆம், நம்முடையதைப் போன்ற ஓர் அரசினர் கல்லூரியில்தான்!

ஒரு கேள்வி

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார் ஐயர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே ஐயரின் விடை.

சிந்தித்துப் பாருங்கள். மகாவித்துவானின் மாணவர், மடத்தில் மதிப்புப் பெற்றவர், கல்லூரி ஆசிரியர். அவர் அங்கே கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். முன்சீபுக்குத் தமிழ் என்ன தெரியும் என்று சொல்லித் தம்மைத் தேற்றியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டார், படித்தார், விளங்கவில்லை. விளங்கும்வரை விடுவதில்லை என்று உறுதி கொண்டார். அவருடைய மறுபிறப்பு அந்த நாள்தான் என்பேன்.

கடலினும் பெரிய உழைப்பு

ஏட்டைப் படிப்பது அச்சுப் புத்தகத்தைப் படிப்பது போன்றதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் குறியும் இல்லை. செல்லரித்த இடம், ஒடிந்த முனை, காணாமற்போன இதழ் வேறு. ஒரு பிரதியில் உள்ள பிழையை அறிய வேறு பிரதி வேண்டும். அதைச் சரிபார்க்க இன்னொன்று வேண்டும். பல மலரின் தேன் சேர்ந்தால்தான் ஓர் அடை நிறையும்.

சிந்தாமணி சமண நூல். ஐயரோ சைவ மரபில் கற்றவர். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் மரபை அவர்களிடமே கேட்டறிந்தார். மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தைப் பயின்றார். உடன் பணியாற்றிய ரங்காசாரியார் அதற்குத் துணைநின்றார். பிற சமயத்தார் நூலென்று எதையும் அவர் ஒதுக்கவில்லை.

1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய பிறகும் பணி நிற்கவில்லை. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் என்று தொடர்ந்து, 1937இல் குறுந்தொகை வந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு!

தாவரவியல் மாணவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது பத்துப்பாட்டுப் பதிப்பில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் செங்காந்தள், வேங்கை, குறிஞ்சி முதலாகத் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வருகின்றன. ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் சில மலர்களின் பெயர்கள் உதிர்ந்துபோயிருந்தன. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தேடினார், தருமபுர ஆதீனத்து ஏடு ஒன்றில் விடுபட்ட பெயர்கள் அகப்பட்டன. நம் முன்னோர் அறிந்த செடிகொடிகளின் பட்டியல் முழுமையாய் இன்று நம் கையில் இருப்பது அந்த ஏட்டால்.

கிடைக்காமற்போனவையும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏடுகள் இருந்தன என்று கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழைய ஏடுகளை ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். சடங்கென்று எண்ணிச் செய்தார்கள். அறியாமையும் பக்தியும் கைகோத்தால் தமிழ் எரியும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடிவந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அவர் சேர்த்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள், 1943இல் அவர் பெயரால் சென்னையில் தொடங்கிய நூல்நிலையத்தில் காக்கப்பட்டன.

நமக்கு

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாட்டனார் கைநாட்டு. பஞ்சாங்கத்தையும் நிலப்பத்திரத்தையும் தவிர எங்கள் வீட்டில் ஏடென்று எதுவும் இருந்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஒன்று கிடந்ததாம். வீட்டை இடித்துக் கட்டியபோது அதனை அடுப்பெரித்தார்களாம். பாட்டி இதைச் சொன்னபோது எனக்குக் கரிவலம்வந்தநல்லூர் நினைவுக்கு வந்தது. அது வைத்திய நூலோ, கணக்கோ, கதையோ, யார் அறிவார்? கேட்பதற்கு அன்று தெருவில் ஒருவரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் என் புத்தகங்களை நானே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டவன். பிறரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

நண்பர்களே! கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் வகுப்பில் தலைகுனிந்து நிற்கும் அனுபவம் என்னைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்களுக்குப் புதிதன்று. சாமிநாதையரும் ஒருநாள் ஒரு கேள்விக்கு முன் அப்படி நின்றார். தெரியவில்லை என்பது இழுக்கன்று. தேடவில்லை என்பதே இழுக்கு.

அவர் பதிப்பித்த நூல்களின் முதற்பதிப்புகளே இன்று கிடைத்தற்கரிய பழம்பொருள்களாகிவிட்டன. மறுபதிப்புகள் நூலகங்களில் நமக்காகக் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் எடுத்துப் படிப்போம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பழைய வீடு இடிபடும் இடத்தில் நின்று பரணில் என்ன இருக்கிறது என்று கேட்போம். ஓலைக்கட்டு ஒன்று கிடைத்தால் நம் பேராசிரியர்களிடம் கொண்டுவருவோம். குன்னத்திலும் செங்குணத்திலும் தமிழ் கற்ற அந்தச் சிறுவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

வாழ்க தமிழ்த் தாத்தா! வளர்க தமிழ்!