வண்ணக் கண்ணாடியில் ஜான் பனியன்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகில் உள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு ஜான் பனியன் பிறந்தார். அவருடைய தந்தை ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் தரும் தொழிலாளி. சிறிதளவே பள்ளிக் கல்வி பெற்ற பனியனும் அத்தொழிலையே மேற்கொண்டார். பின்னர், பெட்ஃபோர்டில் இருந்த ஒரு சிறிய சபையில் சேர்ந்து போதிக்கத் தொடங்கினார். பாப்டிஸ்ட் மரபின் தொடக்ககாலப் போதகர்களுள் ஒருவராக இன்று அவர் போற்றப்படுகிறார்.

மலாக்கா டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம் அது. இங்கிலாந்தில் ஆங்கிலத் திருச்சபையே அரசின் ஆதரவு பெற்றிருந்தது. அதற்கு வெளியே கூட்டம் கூட்டிப் போதிப்பது குற்றமாகக் கருதப்பட்டது. அதனால் 1660ஆம் ஆண்டு பனியன் கைது செய்யப்பட்டார்.

இனிப் போதிப்பதில்லை என்று உறுதி கூறினால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் மனைவி எலிசபெத்தும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. அவளை நினைத்துப் பனியன் மிகவும் வாடினார். எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வாதாடினார், பயனில்லை. ஆயினும், தம் மனச்சாட்சிக்கு மாறாக வாக்களிக்கப் பனியன் இணங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அங்கே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்திற்கு உதவினார், நூல்களும் எழுதினார்.

1672இல் விடுதலையான பனியன், 1678இல் தம் புகழ்பெற்ற கதையை வெளியிட்டார். முதுகில் சுமையோடு அழிவின் நகரிலிருந்து விண்ணக நகரை நோக்கி நடக்கும் ஒரு பயணியின் கதை அது. இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டுள்ளது. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார்.

பனியன் 1688இல் இலண்டனில் காலமானார். அவர் மறைந்து 224 ஆண்டுகளுக்குப் பின், 1912இல், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைக்கப்பட்டது. அவருடைய கதைக் காட்சிகள் அதில் ஒளிர்கின்றன. அரசர்களுக்கு முடிசூட்டப்படும் அந்தப் பேராலயம் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தது. எந்தத் திருச்சபைக்குப் பணியாததால் பனியன் சிறைப்பட்டாரோ, அதே திருச்சபை அவருக்குத் தன் சுவரில் இடமளித்தது.

பெட்ஃபோர்டில் உள்ள பனியன் ஆலயத்திலும் ஒரு சாளரம் உண்டு. சிறையில் அமர்ந்து எழுதும் பனியனை அது காட்டுகிறது. 1987இல் ஆங்கிலத் திருச்சபைப் பேராயரின் தூதராக லெபனான் சென்ற டெர்ரி வெயிட் அங்கே கடத்தப்பட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிணையாளியாக அடைபட்டிருந்தார். அந்தச் சாளரத்தின் படம் அச்சிட்ட அஞ்சல் அட்டை ஒன்று அவரை எட்டியது. வெளியுலகம் தம்மை மறக்கவில்லை என்பதை அதனால் அவர் அறிந்தார். தம் மகளைப் பிரிந்து பனியன் சிறையில் கழித்த ஆண்டுகள், முன்பின் அறியாத மற்றொரு கைதிக்கு ஆறுதலாயின.