கட்டிய கையும் எரித்த அறிவும்

நெய்வேலியிலிருந்து புதுச்சேரி செல்லும் நாம், ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் செபித்துவிட்டு, கடற்கரையில் காற்று வாங்கித் திரும்புவது வழக்கம். அதே நகரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே என்ற தங்கும் விடுதி இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தாலே வியப்பூட்டும் கட்டடம் அது. இந்தியாவில் கான்கிரீட்டால் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் ஒன்று. அதை வடிவமைத்தவரும் நம்மைப் போல் நிலக்கரி ஊர்க்காரரே.

அந்தோனின் ரேமண்ட் 1888-ஆம் ஆண்டு, இன்றைய செக் குடியரசிலுள்ள கிளாட்னோ என்ற சுரங்க நகரில் பிறந்தார். 1910-இல் அமெரிக்கா சென்றார். புகழ்பெற்ற பிராங்க் லாயிட் ரைட்டின் உதவியாளராக 1919-இன் இறுதியில் ஜப்பான் வந்தவர், அங்கேயே சுமார் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்டுத் தச்சர்களிடம் எளிமையைக் கற்றார். கருயிசாவாவில் 1935-இல் அவர் எழுப்பிய புனித பவுல் ஆலயம் அதற்குச் சான்று.

1938-இல் பல மாதங்கள் புதுச்சேரியில் தங்கி, கோல்கொண்டே பணியை அவர் கவனித்தார். வடக்கிலும் தெற்கிலும் சன்னல்களுக்குப் பதிலாக, திருப்பக்கூடிய பலகைகளை வரிசையாக அமைத்தார். திறந்தால் காற்று, மூடினால் நிழல். கூரைக்கு மேல் இன்னொரு கூரை வைத்து வெயிலைத் தடுத்தார். அவர் சென்றபின் உதவியாளர்களும், ஆசிரமத்தாரும் வேலையைத் தொடர்ந்தனர்.

பிறகு போர் வந்தது. 1943-இல், தீக்குண்டுகளைச் சோதிக்க யூட்டா பாலைவனத்தில் ஜப்பானிய வீடுகளின் மாதிரிகள் தேவைப்பட்டன. அமெரிக்க இராணுவத்துக்காக அவற்றை வடிவமைத்தவர் ரேமண்ட். ஜப்பானிய வீட்டை அறிந்த அறிவே அதை எரிக்கவும் பயன்பட்டது. 1945 மார்ச்சில், ஒரே இரவில் தோக்கியோவில் ஏறக்குறைய 1 இலட்சம் பேர் மாண்டனர். அந்தப் பணி தமக்கு எளிதாக இருக்கவில்லை என்று அவர் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

அதே 1943-இல், ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காகவே முகாமில் அடைக்கப்பட்ட ஜார்ஜ் நகாஷிமாவை மீட்கப் பொறுப்பேற்று, குடும்பத்தோடு தம் பண்ணையில் தங்க வைத்தவரும் அவரே. கோல்கொண்டேயில் அவருடன் உழைத்தவர் நகாஷிமா.

போருக்குப்பின் ரேமண்ட் ஜப்பான் திரும்பி, தோக்கியோவில் புனித ஆன்செல்ம் ஆலயத்தையும், நகோயாவில் நன்சான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தையும் கட்டினார். 1976-இல் காலமானார்.

அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆனால், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. தொழிலை நன்றாகக் கற்கச் சொல்கிறோம். எந்த வேலைக்கு மறுப்புச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் கற்றுத் தருகிறோமா? சிந்திப்போம்.