இடப்பக்கம் உட்கார்ந்த மிருதங்கம்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது மோட்டார், இன்வெர்ட்டர், சோலார் பேனல் இப்படி ஏதாவது பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க என்றுதான் கேட்டார்கள். இன்ஜினியர் ஆச்சே, வேறு என்ன எழுதப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நான் ஒரு மிருதங்க வித்வானைப் பற்றி எழுதறேன் என்றதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள். நண்பர்களுக்கு நன்றி.

என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும், நான் இடது கைக்காரன். நம்ம ஊர் வழக்கில் சொன்னால் நொட்டாங்கைப் பேர்வழி. சாப்பிடும்போது மட்டும் வலது கை. அது அம்மா அடித்துத் திருத்தியது. எழுதுவது, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது, பந்து எறிவது எல்லாம் இன்றைக்கும் இடது கைதான். அதனால் இந்த மலரில் என் இனத்தைச் சேர்ந்த ஒரு மகா கலைஞரை அறிமுகப்படுத்த ஆசைப்பட்டேன். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-ல் பிறந்து 1962-ல், 54 வயதில் மறைந்தவர்.

பெயரிலேயே பழனி இருக்கிறது. பெரியகுளத்துக்காரர்களுக்குப் பழனி ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. நடுவில் நிற்பது கொடைக்கானல் மலை. நாம் அதன் தெற்குச் சரிவில் இருக்கிறோம், பழனி வடக்குச் சரிவில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வழியாக நடந்து போனவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர்! ஆனால் அந்த ஊரைப் பெயரில் தாங்கிய இந்தக் கலைஞரைப் பற்றிக் கல்லூரியில் படித்த காலத்தில் எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது.

அவருடைய அப்பா பழனி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் பேர் பெற்றவர். அவருக்குக் குரு புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. இந்த மான்பூண்டியா பிள்ளை சாதாரண ஆள் இல்லை. பஜனைகளில் தட்டிக் கொண்டிருந்த சின்னக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்து, மிருதங்கத்துக்குச் சமமாக உட்கார வைத்தவர். அவர் வழியில் வந்ததைத்தான் புதுக்கோட்டை பாணி என்கிறார்கள். தட்சிணாமூர்த்திப் பிள்ளை அந்தப் பாணியின் இன்னொரு பெரிய தூண். கணக்கு வழக்கில் புலிகள் என்று பேர் வாங்கிய பரம்பரை அது.

கணக்கு என்றதும் நம்ம கணிதத் துறை நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் 4-ஆகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. 7 மாத்திரை நீளமுள்ள ஒரு சொல்லை 3 முறை வாசிக்க வேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் 2 மாத்திரை மௌனம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 25. ஆக, சுற்றில் 7 மாத்திரையை விட்டுவிட்டு 8-வதில் எடுத்தால், முடித்த கையோடு அடுத்த சுற்றின் முதல் தட்டில் டாண் என்று வந்து இறங்கலாம். இது எல்.கே.ஜி. பாடம். வித்வான்கள் இதே மாதிரி நாலைந்து சுற்றுக்கு நீளும் கணக்குகளைப் பேப்பரும் இல்லாமல் பேனாவும் இல்லாமல் மேடையிலேயே போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்கு என்ன குறை? ஒரே ஒரு குறை. இடது கைப் பழக்கம். இந்தப் பையனுக்கு மிருதங்கம் சொல்லித்தர அப்பாவே முதலில் விரும்பவில்லை என்று இசை வட்டாரத்தில் சொல்வார்கள். இடது கையால் வாசித்தால் என்ன குடியா முழுகிப் போயிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விஷயம் கையில் இல்லை, மேடையில் இருக்கிறது.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். கருப்பாக வட்டம் பூசியிருப்பது வலந்தலை. சுருதி சேர்ந்து கணீர் என்று பேசுவது அதுதான். மறுபக்கம் தொப்பி. அதில் ரவையைப் பிசைந்து அப்பி கும்மென்ற நாதத்தை வரவழைப்பார்கள். வலது கைக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பாடகரைப் பார்த்துத் திரும்பினால், அவருடைய வலந்தலை தானாகவே சபையைப் பார்க்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால்? வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும், சபைக்குத் தொப்பிதான் தெரியும். ஆகவே அவர் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இடமோ காலம் காலமாக வயலின் வித்வானுடையது. அவர் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். பழகிய இடத்தை விட்டு, பழகாத பக்கம் திரும்பி, அதுவும் வயதில் சின்னவர் ஒருவருக்காக!

எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? கச்சேரி ஏற்பாடு செய்பவர்களும் யோசித்தார்கள். எதுக்கு வம்பு, வேறு மிருதங்கமே இல்லையா என்பதுதான் எப்போதும் சுலபமான முடிவு. திறமை போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது.

இந்தச் சிக்கலை உடைத்ததில் செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் வெண்கலக் குரலுக்குப் பேர் போனவர். வளர்கிற பிள்ளைகளைக் கைதூக்கி விடுவதில் அவருக்கு நிகர் அவரேதான். பாலக்காடு மணி ஐயரைச் சின்ன வயதிலேயே மேடைக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அவர் தன் கச்சேரிகளில் பழனிக்கு இடம் கொடுத்தார். அதற்காக வயலின்காரரை மறுபக்கம் உட்கார வைத்தார். செம்பையே சொன்ன பிறகு யார் மறுப்பது? ஒரு பெரியவர் ஜமுக்காளத்தில் இரண்டு பேரை இடம் மாற்றி உட்கார வைத்தார். செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் கர்நாடக இசைக்கு ஒரு மேதை கிடைத்தார்.

அதற்கப்புறம் நடந்தது சரித்திரம். ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று அந்தக் காலத்துப் பெரிய பாடகர்களுக்கெல்லாம் பழனி வாசித்தார். அவருடைய வாசிப்பில் என்ன விசேஷம் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது நாதம். தொப்பியில் கையை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கி அவரிடம் ஒரு தனிப் பேச்சாகவே இருந்தது. இரண்டாவதாகச் சொல்வது, அவர் கணக்கை ஒளித்து வைத்த அழகு. புதுக்கோட்டைக் கணக்கெல்லாம் அத்துப்படி. ஆனாலும் பாட்டின் ஓட்டத்தோடு இழைந்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி போவார். சர்வலகு என்று அதைச் சொல்வார்கள். கேட்பவனுக்குத் தலை ஆடுமே தவிர விரல் விட்டு எண்ணத் தோன்றாது. நல்ல டிசைன் என்றால் உள்ளே இருக்கும் கணக்கு வெளியே தெரியக்கூடாது என்று எங்கள் தொழிலிலும் ஒரு எண்ணம் உண்டு. அதைப் பழனியின் பழைய ஒலிப்பதிவுகளில்தான் நான் காதால் கேட்டேன்.

கஞ்சிராவிலும் அவர் சூரர். அந்தத் தலைமுறையில் மிருதங்கம் என்றால் இரண்டு சிகரங்கள்: பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை. மணி ஐயரா பழனியா என்று ரசிகர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். அந்த இருவருமோ ஒரே மேடையில், மணி ஐயர் மிருதங்கமும் பழனி கஞ்சிராவுமாக உட்கார்ந்து வாசித்தார்கள். ரசிகர் மன்றச் சண்டை போடும் தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-ல். பெற்றவர் மணி ஐயர். பழனி மறைந்து அப்போது 4 வருஷம் ஆகியிருந்தது. மிருதங்கம் பக்கவாத்தியம்தானே என்று எண்ணிய காலம் மாறுவதற்குள் அவர் காலம் முடிந்து போயிற்று.

ஆனால் அவர் வாசிப்பு முடியவில்லை. வீணை தனம்மாளின் பேரனும் பாலசரஸ்வதியின் தம்பியுமான டி. ரங்கநாதன் பழனியின் சிஷ்யர். அவர் 1963-லிருந்து அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். 1987-ல் மறையும் வரை எத்தனையோ அமெரிக்க மாணவர்கள் அவரிடம் தா தி தொம் நம் சொல்லப் பழகினார்கள். இன்னொரு சிஷ்யர் திருச்சி சங்கரன். சின்ன வயதிலேயே குருவோடு மேடையேறியவர். 1971-ல் கனடாவின் டொரன்டோவில் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே இந்திய இசைப் படிப்பை வேரூன்ற வைத்தார். ஜாஸ் கலைஞர்களோடும் இந்தோனேசியாவின் கமலான் குழுக்களோடும் மிருதங்கத்தைப் பேச வைத்தார். 2011-ல் அவருக்கு சங்கீத கலாநிதி கிடைத்தது. குருவுக்குக் கிடைக்காதது சிஷ்யருக்குக் கிடைத்தது. இன்றைக்கு வெளிநாட்டில் ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர்கள்கூட நம் கொன்னக்கோலை உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேர்ந்த வழிகளில் ஒன்று, உட்கார இடம் கிடைக்காமல் நின்ற அந்த மனிதரிடமிருந்து புறப்பட்டது.

இங்கே எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுவதுண்டு. இசையில் குருவும் சிஷ்யரும் எதிரெதிரே உட்கார்ந்து கற்பார்கள். எதிரே இருப்பவர் வலது கைக்காரராக இருந்தால், சிஷ்யன் மனசுக்குள் பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். இடது கைக்காரர் எதிரே இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. நிலைக்கண்ணாடி பார்க்கிற மாதிரி! மேடையில் தொந்தரவு என்று நினைத்தது, பாடம் நடக்கும் இடத்தில் வசதி. ஒரே கைதான், உட்காரும் இடம்தான் வேறு.

இடது கைக்காரர்கள் எல்லோருக்கும் இடம் மாற்றித் தர ஆள் கிடைப்பதில்லை. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர். ஆனாலும் வலது கைக்காரர்களுக்கு அமைத்த டிரம்ஸ் செட்டிலேயே வாசித்தார். அதனாலேயே அவர் அடிகளுக்கு ஒரு தனி ஜாடை வந்தது. அவர் தன்னை வளைத்துக் கொண்டார். பழனி வளையவில்லை, மேடை வளைந்தது. ரிங்கோ மாதிரிச் சமாளிப்பதும் திறமைதான். ஆனால் எல்லோரும் சமாளித்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

என் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவன் நான். இடையில் ஒரு போட்டித் தேர்வுக்கு வெளியூர் போயிருந்தேன். ஹால் முழுக்க வலப்பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலிகள். நான் உடம்பை முறுக்கிக் கொண்டு எழுத ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் தோள் கடுத்தது. கண்காணிப்பாளராக வந்திருந்த ஒரு அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு மர டெஸ்க்கை ஆள் வைத்துத் தூக்கி வரச் சொன்னார். எழுதுப்பா என்பது போலத் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. பின்னாளில் பழனியின் வாழ்க்கையைப் படித்து செம்பை வருகிற இடம் வந்தபோது, எனக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது.

லலிதாராம் எழுதிய துருவ நட்சத்திரம் என்ற புத்தகம் பழனியின் வாழ்க்கையை விரிவாகச் சொல்கிறது. நம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கி வந்திருக்கிறேன், சந்திப்பு நாளில் கொடுத்துவிடுகிறேன். தம்பி தங்கைகள் எடுத்துப் படியுங்கள். அவருடைய பழைய கச்சேரிகள் இன்று போனிலேயே கிடைக்கின்றன. ஹெட்போன் மாட்டிக் கொண்டு தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள், தாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

நம் பழைய மாணவர்களில் இன்று பலர் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறோம். யாரை எங்கே உட்கார வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது, வலது கையோ இடது கையோ. ஒரு ஆள் சரிப்பட்டு வரமாட்டான் என்று எழுதும் முன்னால், அவன் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை ஒரு தடவை மாற்றிப் பார்ப்போமே.

சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னை இடது ஓரத்து இலையில் காணலாம். பயப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிடுவது வலது கையால்தான்!