சேஷாத்திரி ஐயர்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்கூடங்கள் பல உள்ளன. அங்குள்ள பொறிகளை இயக்கும் மின்னாற்றல் எங்கோ தொலைவில் பிறந்து, கம்பிகளின் வழியே வந்து சேர்கின்றது. இதனை இன்று எவரும் வியப்பதில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டில் இவ்வளவு நெடிய மின்பாதையை எவரும் அமைத்ததில்லை. அம்பத்தூர், ஆவடி வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையிலேயே தொடர்ந்து சென்றால் பங்காருப்பேட்டையை அடையலாம். அதனை அடுத்துள்ளது கோலார் தங்கவயல். அவ்வயலுக்குக் காவிரியின் ஆற்றலைக் கொண்டு சேர்க்கத் துணிந்தவர், மைசூர் அரசின் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயர் ஆவார்.

இவர் பாலக்காட்டைச் சேர்ந்த குமாரபுரத்தில் 1845ஆம் ஆண்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1868இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மைசூர் அரசுப் பணியில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். திவான் ரங்காசார்லு 1883இல் காலமானபின், அப்பதவி இவரை வந்தடைந்தது. தொடர்ந்து பதினெட்டு ஆண்டுகள் இவர் அப்பொறுப்பை வகித்தார். சென்னை மாகாணத்தாருக்கே உயர் பதவிகளை அளிக்கின்றார் என்று மைசூர் மக்களிற் சிலர் இவர்மீது குறை கூறியதும் உண்டு. அக்குறை முற்றிலும் பொருளற்றது என்று கூறுவதற்கில்லை. எனினும், இவருடைய உழைப்பை எவரும் மறுத்ததில்லை.

அக்காலத்தில் கோலார்ச் சுரங்கங்கள் மிக விரைவாக வளர்ந்தன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்று உழைத்தனர். பூமிக்கடியிலிருந்து பாறையைத் தூக்கவும், நீரை இறைக்கவும், பாறையை இடித்துப் பொடியாக்கவும் இடைவிடாத ஆற்றல் வேண்டும். அதனை நீராவிப் பொறிகளே அளித்தன. அவற்றிற்கு விறகும் நிலக்கரியும் இரையாயின. சுற்றுப்புறக் காடுகள் குறைந்தன. நிலக்கரியோ தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. அவ்வாறு அரிதிற் பெற்று எரித்த எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவது அரிது. எஞ்சிய பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் கழிவு நீராவியாகவும் வீணாயிற்று. கனடாவின் வடபகுதியைப் போன்ற பனி நாடுகளில் உள்ள சுரங்கங்கள், எஞ்சின்கள் கழிக்கும் வெப்பத்தை இக்காலத்தில் வீணாக்குவதில்லை. சுரங்கத்திற்குள் செலுத்தும் காற்றையும் தொழிலாளர் உறைவிடங்களையும் அவ்வெப்பத்தால் சூடேற்றுகின்றன. கோலாரில் அதற்கு இடமில்லை. ஆழம் செல்லச்செல்லப் பாறையே கொதிக்கும் இடத்தில், கழிவு வெப்பத்தை யார் வேண்டுவர்? எனவே, எரிபொருளே வேண்டாத ஆற்றல் ஒன்றைத் தேடுவதே வழியாயிற்று.

காவிரியாறு சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியின் வேகத்தால் உருளைகளைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கலாம். ஆனால், தங்கவயல் அங்கிருந்து 92 மைல் தொலைவில் இருந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற நயாகரா மின்சாரம் 1896இல் பபலோ நகரை அடைந்தபோது கடந்த தொலைவு 30 மைலுக்கும் குறைவே. இந்தியாவில் டார்ஜிலிங்கில் 1897இல் அமைந்த நீர்மின் நிலையமோ அவ்வூரின் தேவைக்கே உரிய சிறியதொன்று. இடைவழியில் ஆற்றல் குன்றிப்போனால் அரசின் பொருள் வீணாகும். பழி திவானையே சேரும். மன்னர் சாமராசேந்திர உடையார் 1894இல் மறைந்துவிட்டார். அவர் மகனோ இளஞ்சிறுவர். ஆதலின், மகாராணியாரின் ஆட்சிப் பொறுப்பில் துணைநின்ற சேஷாத்திரி ஐயரின் தோள்மீதே பெருஞ்சுமை இருந்தது.

அவர் தயங்கவில்லை, அவசரப்படவும் இல்லை. கனடாவில் பிறந்த பொறியாளர் லாட்பினியரை மேலைநாடுகளுக்கு அனுப்பி, வல்லுநர்களிடம் கலந்துவரச் செய்தார். சுரங்கக் குழுமங்கள் மின்சாரத்தை விலைக்குப் பெறுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. நீருருளைகள் சுவிட்சர்லாந்திலிருந்தும் மின்பொறிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. கரடுமுரடான பாதையில் அவற்றை மாட்டுவண்டிகளும் யானைகளும் இழுத்துச் சென்றன.

பணி நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே சேஷாத்திரி ஐயரின் உடல்நலம் குன்றியது. பெங்களூரில் 1898இல் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் அவர் ஆற்றிய பணியும் மிகுதி. 1901ஆம் ஆண்டில் பதவியினின்று விலகிய அவர், அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பெங்களூரில் உயிர்நீத்தார்.

அடுத்த ஆண்டு, 1902 சூன் 30ஆம் நாள், காவிரி தந்த மின்சாரம் 92 மைல் கடந்து தங்கவயலை அடைந்தது. உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அந்நாளில் அது விளங்கிற்று. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்ததும் சிவசமுத்திரத்து மின்சாரத்தாலேயே. கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன. சிவசமுத்திர நிலையத்தின் உருளைகள் இன்றும் சுழல்கின்றன.