சீனத்தை ஜில்லாக்களாக்கிய குமாஸ்தா

சீனம் ஒரே நாடாக இல்லாத காலம் அது. சின், சூ, ஹான் முதலிய ஏழு அரசுகள் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தன. சூ நாட்டின் ஷாங்சாய் என்ற ஊரில் லி ஸூ சாதாரணக் குமாஸ்தாவாக இருந்தார். அலுவலகக் கழிவறை எலிகள் ஆள் அரவம் கேட்டாலே ஓடின. களஞ்சியத்து எலிகளோ தானியத்தைத் தின்று பயமின்றிக் கிடந்தன. மனிதனின் வாழ்வும் தாழ்வும் இருக்கும் இடத்தைப் பொறுத்ததே என்று அவருக்குத் தோன்றியதாம். வேலையை விட்டார். சுன் ஸூ என்ற தத்துவ ஆசானிடம் கல்வி கற்றார். கி.மு. 247-ல் சின் நாட்டுக்குப் பிழைக்கப் போனார்.

வெளியேற்ற உத்தரவு

கி.மு. 237-ல் ஆபத்து வந்தது. ஹான் நாட்டிலிருந்து வந்து கால்வாய் வெட்டிய பொறியாளர் செங் குவோ ஓர் ஒற்றர் என்று தெரியவந்தது. அயல்நாட்டார் அனைவரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. பட்டியலில் லி ஸூவும் இருந்தார். அவர் மன்னருக்கு மனு எழுதினார். சின் நாட்டை உயர்த்திய அமைச்சர்கள் பலர் வெளியிலிருந்து வந்தவர்களே என்று பெயர் பெயராகக் காட்டினார். மன்னர் அணியும் மணிகளும் கேட்கும் இசையும் அயல்நாட்டவை. ஆட்களை மட்டும் விரட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார். உத்தரவு ரத்தாயிற்று.

36 பிரிவுகள்

கி.மு. 221-ல் மற்ற ஆறு அரசுகளும் வீழ்ந்துவிட்டன. மன்னர், சின் ஷி ஹுவாங் என்ற பேரரசரானார். தொலைவான பகுதிகளை இளவரசர்களுக்கு அளிக்கலாம் என்றார் முதலமைச்சர் வாங் வான். லி ஸூ மறுத்தார். முந்தைய சௌ வம்சம் உறவினருக்கு நாட்டைப் பங்கிட்டது. பின்னர் அந்த உறவினரே ஒருவருக்கொருவர் பகையானார்கள் என்று நினைவூட்டினார். பேரரசர் ஏற்றார்.

நாடு 36 'ஜுன்'களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர், ஒரு படைத்தலைவர், ஒரு கண்காணிப்பாளர். அதன்கீழ், நம் தாலுகா போன்ற 'சியென்'கள். பதவி வாரிசுக்குப் போகாது. அரசு நியமித்தவரே அதிகாரி. எல்லைப்புறங்களில் முன்பே இருந்த இந்த முறை நாடு முழுமைக்கும் வந்தது. எழுத்தும் எடையும் அளவும் ஒன்றாயின.

வீழ்ச்சி

பிறகு லி ஸூ முதலமைச்சரானார். கி.மு. 213-ல் பழைய நூல்களை எரிக்க யோசனை சொன்னவரும் அவரே. அந்தப் பழி இன்றும் நீங்கவில்லை. கி.மு. 210-ல் பேரரசர் பயணத்தின்போது இறந்தார். பதவி போய்விடுமோ என்ற பயத்தில், சாவ் கௌ என்ற அரண்மனை அதிகாரியின் சதிக்கு லி ஸூ உடன்பட்டார். மூத்த இளவரசரை ஒழித்து, இளையவரை அரியணையில் ஏற்றினார்கள். அதே சாவ் கௌ கி.மு. 208-ல் அவர்மேல் துரோகக் குற்றம் சாட்டிக் கொல்லச் செய்தான். கொலைக்களத்துக்குப் போகையில், சொந்த ஊரின் கிழக்கு வாசலில் நாயோடு முயல் வேட்டையாடும் நாள் இனி வராதே என்று மகனிடம் சொல்லி அழுதாராம்.

சின் வம்சமும் விரைவில் அழிந்தது. ஆனால் 'சியென்' என்ற பிரிவு சீனத்தில் இன்றும் இருக்கிறது.