இரண்டு காதுக்கும் தனித்தனியாக: ஆலன் ப்ளூம்லைன்

இயர்போன் மாட்டியிருக்கீங்களா? ஒரு பக்கத்தை மட்டும் கழட்டிட்டுக் கேளுங்க. அதுவரை உங்களைச் சுற்றி விரிந்து கிடந்த பாட்டு சட்டுனு சுருங்கிப் போகும். அந்த விரிவுக்குப் பேர் ஸ்டீரியோ. அதை யோசித்தது யாருன்னு கேட்டா நம்மில் பலர் முழிப்போம். அவர் ஒரு பாடகரோ இசையமைப்பாளரோ இல்லை. நம்ம இனம்தான், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். பேர் ஆலன் ப்ளூம்லைன்.

1903-ல் லண்டனில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைச் சரிசெய்துவிட்டு, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டு அப்பாவிடமே பில் நீட்டிய பையன். ஆனால் பன்னிரண்டு வயது வரை சரளமாகப் படிக்க வரவில்லை. அதே பையன் பிறகு சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார்.

1929-ல் கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த வேலையே சிக்கலானது. மின்சாரம் மூலம் இசைத்தட்டு வெட்டும் முறைக்கு அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் காப்புரிமை வைத்திருந்தது. பயன்படுத்தினால் ராயல்டி கட்டணும். அந்தக் காப்புரிமையில் சிக்காத புதுக் கருவி வேண்டும். ஹோல்மன் என்ற சக இன்ஜினியரோடு சேர்ந்து, மூவிங் காயிலில் இயங்கும் வெட்டும் கருவியைச் செய்து முடித்தார். 1931-ல் கொலம்பியா இன்னொரு கம்பெனியோடு இணைந்து இஎம்ஐ ஆனது.

அதே வருடம், பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனார். திரையின் ஒரு ஓரத்தில் நடிகர் பேசுகிறார், குரல் மட்டும் வேறு இடத்தில் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. நாமாக இருந்தால் படத்தைப் பார்த்துட்டு வந்திருப்போம். அவருக்கு அது உறுத்தியது. 1931 டிசம்பர் 14 அன்று 70 உரிமைக்கோரல்களோடு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு மைக்கை எப்படி வைப்பது என்பதில் தொடங்கி, இரண்டு சேனலையும் ஒரே பள்ளத்தில் எப்படி வெட்டுவது என்பது வரை அதில் இருந்தது.

அந்தப் பள்ளம்தான் அழகு. இசைத்தட்டின் பள்ளம் ஆங்கில 'வி' மாதிரி இருக்கும். ஒரு சுவரில் இடது சேனல், மறு சுவரில் வலது சேனல், இரண்டும் 45 டிகிரி சாய்வில். இரண்டு சேனலிலும் ஒரே ஒலி வந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். வித்தியாசம் இருந்தால் மேலும் கீழும் ஆடும். அதாவது கூட்டல் ஒரு திசை, கழித்தல் ஒரு திசை. இதனால்தான் பழைய மோனோ தட்டையும் ஸ்டீரியோ ஊசியால் கேட்க முடிந்தது.

1934-ல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சமின் ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் சோதித்தார். வேலை செய்தது. ஆனாலும் கம்பெனி அதை மூட்டை கட்டி வைத்துவிட்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1936-ல் பிபிசி தொடங்கிய 405 வரி டெலிவிஷனில் அவர் கை இருந்தது. ஆப்-ஆம்ப் பாடத்தில் நம்மைப் படுத்தும் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் இருக்கே, அந்த லாங்-டெயில்ட் பேர் சுற்றுக்கும் அதே வருடம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மொத்தம் 128 காப்புரிமைகள்.

போர் வந்தது. ரகசிய ரேடார் வேலைக்குப் போனார். 1942 ஜூன் 7, எச்2எஸ் ரேடாரைச் சோதித்துக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் எஞ்சினில் தீப்பிடித்து விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். அவருக்கு 39 வயது ஆக மூன்று வாரம் பாக்கி. விசாரணையில் தெரிந்த காரணம்: எஞ்சினில் சரியாக இறுக்காத ஒரு நட். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று இறந்த செய்தியைக்கூட அமுக்கிவிட்டார்கள்.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். அதற்குள் காப்புரிமைக் காலமே முடிந்திருந்தது. ஆனால் பள்ளம் அவர் சொன்ன அதே 45 டிகிரிதான். 2017-ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள், இறந்து 75 வருடம் கழித்து.

ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பில் பாட்டு செய்து வெளியிடுறவங்களுக்கு ஒரு விஷயம். மாஸ்டரிங்கில் மிட், சைடு என்று பிரிக்கிறோமே, அது அவருடைய அதே கூட்டல் கழித்தல்தான். இடதும் வலதும் கூட்டினால் மிட், கழித்தால் சைடு. வினைல் தட்டுக்கு மாஸ்டர் செய்பவர்கள் இன்றும் பாஸ் ஒலியை நடுவில் வைப்பார்கள். பக்கத்துக்குப் போனால் ஊசி எகிறும். உங்க பாட்டை ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்டால் சைடு மொத்தமும் ரத்தாகிவிடும். கோரஸையும் கிடாரையும் அங்கே மட்டும் ஒளித்து வைத்திருந்தால் கேட்பவருக்கு அவை கிடைக்கவே கிடைக்காது. அதனால் அப்லோடு பண்ணும் முன்னாடி மோனோ பட்டனை ஒரு தடவை தட்டிப் பாருங்க. நட்டை இறுக்கிப் பார்ப்பது மாதிரிதான் அதுவும்.